பதினெட்டு ஓட்டும் ஒரு நாமினியும்

அன்பும் அறிவும் சம அளவில் வாய்த்த என் தங்கை மகளுக்கு,

உன் மூத்த மாமன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் நலம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துவராமல் தனியாக நடந்துகொள்கிறது. அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் உன் அம்மா இந்நேரம் எனக்கு மூன்று முறை போன் செய்து அழுதிருப்பாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். என்றைக்கு, யாரிடம் என்று குறுக்குக் கேள்வி கேட்காதே. உன் அத்தையும் இதைத்தான் கேட்டாள். மனதுக்குள் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். எட்டாவது வரைதான் படித்தவன் என்று உன் அப்பா என்னைக் கேலி செய்வார். அந்த எட்டாவதை இரண்டு வருஷம் படித்தேன், ஆகவே கணக்குப்படி ஒன்பது. அந்த ஒன்பதாவது படிப்பை வைத்துக்கொண்டுதான் எங்கள் குடியிருப்பின் ஜனநாயகத்தையே ஆறு மாதம் தூக்கி நிறுத்தினேன்.

உங்கள் ஊர் நகராட்சிக்காக உன் அலுவலகம் ஒரு செயலி செய்யப்போகிறது, தெரு விளக்கிலிருந்து பூங்கா பெஞ்சு வரை மக்களே கைப்பேசியில் ஓட்டுப்போட்டு முடிவு செய்யப்போகிறார்கள், மாமா, அதே மாதிரி ஒன்று உங்கள் கட்டடத்தில் ஓடுகிறதாமே, வயதானவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். உள்ளதை உள்ளபடி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் உனக்குக் கிடைக்க மாட்டான். கேள்.

எங்கள் கட்டடத்தில் ஆறு மாடி, நாற்பத்திரண்டு வீடு. கீழ்த்தளத்தில் ஒரு கூடம். அதில் முப்பத்தொரு பிளாஸ்டிக் நாற்காலி, அவற்றில் ஒன்றுக்கு முதுகு கிடையாது. கூடத்தின் ஜன்னலோர மூலையில் பகலெல்லாம் ஒரு தையல்காரம்மா மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார். ஜிப் மாற்றுவது, கால் சட்டையைக் குட்டையாக்குவது, உடம்பு பெருத்துவிட்டால் பக்கத்தைப் பிரித்துவிடுவது என்று எங்கள் கட்டடத்தின் ரகசியங்கள் முழுக்க அவர் டேப்பில் அளந்து வைத்திருக்கிறார். அந்த மூலையில் தரை கொஞ்சம் சரிவு. மிதிக்கும்போது மிஷின் தைதை என்று ஆடும். அதற்காக ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருப்பார், அது வாரத்துக்கு ஒருமுறை நசுங்கிப்போகும். கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மிஷினைச் சுவரோரம் தள்ளி ஒரு போர்வையைப் போர்த்திவிடுவார். பஸ்ஸில் வந்து போகிறவர். எங்கள் கட்டடத்தில் வீடு கிடையாது, ஆகவே ஓட்டும் கிடையாது.

முன்பெல்லாம் ஓட்டு என்றால் கைதான். சங்கத் தலைவர், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், அவரை இன்றைக்கும் மேனேஜர் என்றுதான் கூப்பிடுகிறோம், அவர் எழுந்து நின்று கைகளை எண்ணுவார். நான் ஆர்வத்தில் இரண்டு கையையும் தூக்கிவிடுவேன். ஒருமுறை என்னை இரண்டாக எண்ணி ஒரு தீர்மானமே நிறைவேறியிருக்கிறது. மாடி விளக்கு இன்றைக்கு எரிகிறதென்றால் அதனால்தான்.

அப்புறம் வந்தது செயலி. படி இறங்க வேண்டாம், நாற்காலி தேட வேண்டாம், வீட்டிலிருந்தே அழுத்தலாம் என்றார் மேனேஜர். இளைஞர்கள் கைதட்டினார்கள்; எங்கள் வயதுக்காரர்கள் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் என் திறமையை உலகம் கண்டுகொண்டது. முந்தின மாதம் ஆறாம் மாடியில் ஒருவரின் கைப்பேசியில் தானாக எரிந்துகொண்டிருந்த டார்ச்சை நான் அணைத்திருந்தேன், அதுவும் கைதவறி. அந்தப் புகழ் பரவியிருந்தது. வீடு வீடாக என்னைக் கூப்பிட்டார்கள். நானும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு டாக்டரைப் போலப் போய், "எங்கே, போனைக் காட்டுங்க" என்பேன்.

அந்தச் செயலியில் ஒரு திரை வரும். நீங்களே ஓட்டளிக்க முடியாத நேரங்களில் உங்கள் ஓட்டை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்று கேட்கும். யார் பெயரைத் தொடுகிறோமோ அவர் நமக்கும் சேர்த்து அழுத்துவார். அந்தத் திரை வந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் அடக்கமாக என் பெயரைக் காட்டினேன். இப்படிப் பதினேழு வீடு. மூன்றாம் மாடி ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும் தொடும்போதே சொல்லிவிட்டார், "உங்கமேல நம்பிக்கைன்னு நினைச்சுக்காதீங்க, என் கண்ணாடியைக் காணோம், அதான்." மற்ற பதினாறு பேருக்கு நம்பிக்கைதான். ஒருவருக்குக் காது கேட்காது, நான் என்ன கேட்டேன் என்றே தெரியாமல் சிரித்துக்கொண்டே தொட்டார். அதையும் நம்பிக்கையில்தான் சேர்த்திருக்கிறேன். என் கைப்பேசியிலும் அதே மாதிரி ஃபாரத்தை நிரப்பினேன். அதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, வர வேண்டிய இடத்தில் வரும்.

ஆக என்னுடையதையும் சேர்த்துப் பதினெட்டு ஓட்டு. நாற்பத்திரண்டில் பதினெட்டு என்றால் என்ன என்று உனக்குத் தெரியும், நீ கணக்குப் படித்தவள். என் நடையே மாறிவிட்டது என்று உன் அத்தை சொன்னாள். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், நாலாவது நாள் முழங்கால் மடங்கியது, மறுபடி பிடித்துக்கொண்டேன். பதினெட்டு ஓட்டுக்காரர் என்று பெயர் வந்தது. காய்கறிக் கடையில்கூட ஒருவர் எனக்கு வழிவிட்டார், அவர் எங்கள் கட்டடமே இல்லை. உன் அத்தைக்கு இந்தப் பொது விஷயங்களில் ஒரு அக்கறையும் கிடையாது. சாயங்காலமானால் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அரை மணி நேரம் அரட்டை. நாடு எங்கே போகிறது, இவள் எங்கே போகிறாள் என்று நான் வருத்தப்பட்டதுண்டு.

முதல் ஓட்டு வாசல் கதவுக்கு எந்த நிறம் என்பது. நீலம் என்று நான் அறிவித்தேன், அழுத்தினேன், உங்கள் கருத்து பதிவானது என்று திரையில் பச்சை டிக் வந்தது, மனம் குளிர்ந்தது. முடிவு வந்தபோது கதவு பழுப்பு. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பழுப்புதான் வரும் என்று எனக்கு முன்பே தெரியும், அழுக்குத் தெரியாது பாருங்கள் என்றேன். இரண்டாவது, தண்ணீர்த் தொட்டியை ஞாயிறு கழுவுவதா, வார நாளிலா. வார நாள் என்று ஐந்தாம் மாடிக்கு வாக்குக் கொடுத்தேன். வந்தது ஞாயிறு. தலையில் சோப்பு நுரையோடு நின்ற ஐந்தாம் மாடிக்காரர் என்னைத் தேடிக்கொண்டு எங்கள் இரண்டாம் மாடி வரை வந்தார். நான் குளியலறையில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். தண்ணீர் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் குளியலறையில் என்ன செய்கிறார் என்று கேட்டவருக்கு உன் அத்தை நுரையைக் கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

மூன்றாவதாக வந்ததுதான் பெரிய விஷயம். ஓட்டெல்லாம் கைப்பேசிக்குப் போய்விட்டதே, இனிமேல் கூட்டம் எதற்கு, கூடம் எதற்கு, அதைப் பார்சல் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டால் சுவர் நெடுக இரும்புப் பெட்டிகள் வைப்பார்கள், யாருக்குப் பார்சல் வந்தாலும் எண்ணை அழுத்தி எடுத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் செயலியில் போட்டுவிட்டார். ஒரு வாரம் அவகாசம். அழுத்த வேண்டியது இரண்டில் ஒன்று: கொடுக்கலாம், கூடாது. நல்ல யோசனை என்றுதான் பலரும் சொன்னார்கள். தையல்காரம்மாவின் மூலையும் அந்தச் சுவரில்தான் வருகிறது என்பது அந்தத் திரையில் எங்கேயும் இல்லை. அவருக்குச் செயலி கிடையாது, ஆகவே ஹெட்மிஸ்ட்ரஸ் ரவிக்கை அளவு கொடுக்கப் போன இடத்தில் சொல்லித்தான் அவருக்கே தெரியும்.

மறுநாள் நான் படி இறங்கும்போது அவர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். கழுத்தில் டேப் தொங்கியது, வாயில் இரண்டு குண்டூசி. அவற்றை எடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"அய்யா, எனக்கு இங்க ஓட்டு இல்லை. உங்ககிட்ட பதினெட்டு இருக்குன்னு சொல்றாங்க. இந்த மூலை போச்சுன்னா எனக்கு வேற இடம் இல்லை. வீட்டுல மிஷின் போட்டா கீழ்வீட்டுக்காரங்க சத்தம்னு சண்டைக்கு வராங்க."

நான் மார்பில் கை வைத்துச் சொன்னேன், "நீங்க பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டே இருங்கம்மா. மீதியை நான் பார்த்துக்கறேன்." அவர் கண் கலங்கியது. என் கண்ணும் கலங்கியது. எனக்கு யாராவது அழுதால் தாங்காது, நானே பேசினாலும் தாங்காது.

அன்றைக்கே மேனேஜர் என் வீட்டுக்கு வந்தார். உன் அத்தை அரட்டைக்குப் போயிருந்த நேரம். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பித்தளைப் பலகை, உள்ளங்கை அகலம்தான், அதில் மூத்த ஆலோசகர் என்று வெட்டியிருந்தது. சங்கத்துக்கு அனுபவமுள்ள ஒருவர் தேவை, இதை உங்கள் கதவில் மாட்டிக்கொள்ளலாம், கூடத்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றத்தின் பக்கம் நில்லுங்கள் சார் என்றார். நான் சிங்கம் போல எழுந்தேன். முழங்காலால் ஒரு நிமிஷம் பிடித்தது, ஆனாலும் எழுந்தேன். மேனேஜர் சார், என் பதினெட்டு ஓட்டும் விலைக்கு இல்லை, பலகையை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னேன். அவர் முகம் வெளுத்து, கால் தடுமாறி, கதவுக்குப் பதிலாக என் துணி அலமாரியைத் திறந்து உள்ளே போகப் பார்த்தார். அந்தப் பலகை இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஓட்டு நாளில் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கூடாது என்று அழுத்தினேன். அழுத்திய வேகத்தில் கைப்பேசி மேஜையில் வழுக்கிப்போய்ச் சுவரில் மோதியது. பச்சை டிக் வந்தது. சாயங்காலம் முடிவு வந்தது: கூடாது இருபத்திரண்டு, கொடுக்கலாம் இருபது. கூடம் தப்பியது, மூலை தப்பியது. ஆயிரம் பேர் கூடி என்னைத் தோளில் தூக்காத குறைதான். ஆயிரம் இல்லை, ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், லிஃப்டுக்காக நின்றவர்களையும் சேர்த்து. தையல்காரம்மா ஓடி வந்து என் சட்டைக் காலரைப் பார்த்தார். "காலர் நைஞ்சு போச்சு அய்யா, கழட்டிக் குடுங்க, பிரிச்சுத் திருப்பிப் போட்டுத் தரேன்" என்றார். மறுநாள் புதுச் சட்டை மாதிரி மடித்துக் கொடுத்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அதற்கடுத்த நாள் நான் செயலியின் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். என் பதினெட்டு ஓட்டும் சரியாக எண்ணப்படவில்லை, கருவியில் கோளாறு அல்லது சதி என்று. ஜெயித்த பிறகு எதற்கு மாமா புகார் என்று நீ கேட்பாய். கேட்காதே. பொதுநலம். கதவு பழுப்பானதும் ஞாயிறு தண்ணீர் நின்றதும் என் மனதை அரித்துக்கொண்டே இருந்தன என்று வைத்துக்கொள்.

அந்த ஞாயிறு கம்பெனியிலிருந்து ஒரு பெண் மடிக்கணினியோடு வந்தாள். காப்பாற்றப்பட்ட அதே கூடத்தில் கூட்டம். நாற்காலி அத்தனையும் நிரம்பி வாசலிலும் ஆட்கள். உன் அத்தை வழக்கம்போல அந்த முதுகில்லாத நாற்காலியில் கடைசி வரிசையில். நான் முதல் வரிசையில், திருப்பிப் போட்ட காலரோடு. அந்தப் பெண் சுவரில் புரொஜெக்டரால் ஒரு படத்தைக் காட்டினாள். கட்டங்கள் எல்லாம் வீடுகள். பதினேழு கட்டத்திலிருந்து பதினேழு கோடு கிளம்பி பன்னிரண்டாம் எண்ணுக்கு, அதாவது எனக்கு, வந்து சேர்ந்தன. நான் திரும்பி எல்லோரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அப்புறம் என் கட்டத்திலிருந்து ஒரே ஒரு கோடு, நல்ல தடிமனான கோடு, வெளியே போய் வளைந்து அதே பன்னிரண்டாம் எண் வீட்டில் இன்னொரு கைப்பேசிக்குள் நுழைந்தது.

"சார், நீங்க பதிவு பண்ணின அன்னிக்கே உங்க ஓட்டை ஒப்படைச்சிட்டீங்க. உங்ககிட்ட வந்த பதினேழும் அதோட சேர்ந்து போயிடுச்சு. நீங்க அழுத்தினதெல்லாம் கருத்து மட்டும்தான், ஓட்டு இல்லை."

"யார்கிட்ட ஒப்படைச்சேன்?" என்றேன். என் குரல் எனக்கே யாரோ மாடியிலிருந்து பேசுவதுபோலக் கேட்டது.

கடைசி வரிசையிலிருந்து உன் அத்தை, "என்கிட்டதான். நீங்கதானே என் பேரைப் போட்டீங்க?" என்றாள்.

இப்போது அந்தச் சின்ன விஷயத்துக்கு வருகிறேன். நான் கிடங்கில் முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்தவன். சேமநிதி, காப்பீடு, வங்கி, கூட்டுறவுச் சங்கம் என்று எந்த ஃபாரம் வந்தாலும் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும், ஒரு பெயர் கேட்கும். நாமினி. படிக்காமலே உன் அத்தை பெயரை எழுதிப் பழகிய கை இது. அந்தத் திரையிலும் பெயர் கேட்டது, கை பழக்கத்தில் தொட்டுவிட்டது. நாமினி என்றால் நான் போன பிறகுதானே அவளுக்குப் போகும். இதில் நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே எல்லாம் போய்விட்டது. ஆறு மாதமாக இந்தக் கட்டடத்தை ஆண்டுகொண்டிருந்தவள் உன் அத்தை. அவள் கைப்பேசியில் பதினெட்டு வீடும் தனித்தனியாக வந்து நிற்குமாம், ஒவ்வொன்றுக்கும் அழுத்த வேண்டுமாம். எங்கள் வீடு போக மற்றவர்களுக்கு இவளாக அழுத்த மனம் வராமல் பதினேழு துண்டுச்சீட்டில் வீட்டு எண் எழுதித் துணிப்பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலந்தோறும் மாடி ஏறிப்போய், கதவுக்கு என்ன நிறம் வேண்டும், தொட்டி எப்போது கழுவலாம் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நான் அரட்டை என்று நினைத்தது அதுதான். எனக்கு அந்தப் பதினேழு பேரிடம் கேட்க வேண்டும் என்று ஆறு மாதத்தில் ஒருநாளும் தோன்றவில்லை, என்னிடம்தான் கொடுத்துவிட்டார்களே.

காது கேட்காதவரும் ஹெட்மிஸ்ட்ரஸின் எதிர்வீட்டுக்காரரும் பார்சல் பெட்டி வேண்டும் என்றார்களாம். அந்த இரண்டு சீட்டுக்குக் கொடுக்கலாம் என்றே அழுத்தியிருக்கிறாள். இன்னும் இரண்டு ஓட்டு அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் தையல்காரம்மா கதி என்ன என்று நான் கூட்டத்திலேயே அவளைக் கேட்டேன்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அது அவர் ஓட்டுதானே? அவர் சொன்னதை அழுத்தினேன்" என்றாள்.

அந்தப் பெண் அடுத்த பக்கத்தைத் திறந்து, சார் கருத்தாக எதை அழுத்தியிருக்கிறார் என்பதையும் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தாள். உன் அத்தை அங்கிருந்தே, "போதும்மா, மேல படிக்க வேண்டாம், சாப்பாட்டு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டாள். என் புகழை ஊரார் முன் கேட்க அவளுக்குக் கூச்சம் என்று நினைக்கிறேன். எப்படியோ, கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் உட்கார்ந்து ஒரே பொத்தானை அழுத்தியிருக்கிறோம் பார், அதுதான் தாம்பத்தியம். உன் மாப்பிள்ளைக்கும் இதைப் படித்துக் காட்டு.

கூட்டம் கலையும்போது ஹெட்மிஸ்ட்ரஸ் என்னிடம் வந்தார். கண்ணாடி கிடைத்துவிட்டது போலிருக்கிறது. "இனிமே நேரா அவங்ககிட்டயே குடுத்துடறேன். நடுவுல உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார். பதினேழு பேரும் மாற்றிவிட்டார்கள். என்னுடைய ஒன்றை மட்டும் உன் அத்தை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். நீங்கள் இருக்கும்வரை நான் வெறும் நாமினிதான், இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். இப்போது என்னிடம் ஒரே ஒரு ஓட்டு. பதினெட்டு இருந்தபோது பாரமே தெரியவில்லை. இந்த ஒன்று கனக்கிறது.

ஆகவே உன் செயலியில் ஒப்படைக்கிற அந்தத் திரையில் பெரிய எழுத்தில் போட்டுவிடு: இது நாமினி அல்ல, நீங்கள் உயிரோடு இருக்கும்போதே நடக்கும். ஒப்படைத்தவர்களைக் கேட்டீர்களா என்று அழுத்துவதற்கு முன் ஒரு கேள்வியும் வரட்டும். அப்புறம், எந்த இடத்தைப் பற்றி ஓட்டோ அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு படமாவது காட்டு. இதெல்லாம் ஒன்பதாவது படித்த என் யோசனை என்று உங்கள் அலுவலகத்தில் தாராளமாகச் சொல்லலாம். கூடத்தில் கூட்டம் மறுபடி மாதந்தோறும் நடக்கிறது. நான் ஒரு கையைத்தான் தூக்குகிறேன்.

குழந்தைக்கு என் முத்தங்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் அம்மாவிடம் என் முழங்காலைப் பற்றி மட்டும் சொல், மற்றதைச் சொல்லாதே. நீ எடுத்த காரியம் எல்லாம் தடையின்றி நடந்து, நீயும் உன் குடும்பமும் நீண்ட ஆயுளோடு விளங்க வேண்டும் என்று, தற்சமயம் ஒரு ஓட்டு மட்டும் உள்ள உன் மாமனின் ஆசிகள்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடச் சொல்லி உன் அத்தையிடம் கொடுத்தேன். வழக்கம்போலப் படித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டு, என் முன்னால் வைத்தாள். "ஒரு ஊரே ஓட்டுப் போடப்போகுது, அதுக்காகத்தானே உங்க தங்கச்சி பொண்ணு உள்ளபடி எழுதச் சொன்னா. நீங்க எதை அழுத்தினீங்கன்னு எழுதுங்க. இல்லைன்னா ஸ்டாம்பு ஒட்ட மாட்டேன்" என்றாள். ஸ்டாம்பு அவளிடம்தான் இருக்கிறது.

நான் அழுத்தியது கொடுக்கலாம். சிங்கம் போல எழுந்தது, அலமாரிக்குள் மேனேஜர் போகப் பார்த்தது, எல்லாம் கை போன போக்கில் எழுதியது. அலமாரிக்குள் போனது பலகைதான், சட்டைகளுக்கு நடுவில், என் கையால். ஒருநாள் அதை எடுத்து வாசல் கதவில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருக்கும்போது உன் அத்தை படியேறி வந்துவிட்டாள். வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டாள். புகார் எழுதியதும் நான் அழுத்தியபடி வரவில்லையே என்ற ஆத்திரத்தில்தான். தையல்காரம்மாவுக்கு இன்றுவரை தெரியாது, பார்க்கும்போதெல்லாம் கும்பிடுகிறார். அந்தக் காலரைப் போட்டால் யாரோ சட்டையைப் பிடித்த மாதிரி இருக்கிறது.

நேற்று கீழே போனபோது பார்த்தேன். மிஷின் காலுக்கு அடியில் அட்டைக்குப் பதிலாக அந்தப் பித்தளைப் பலகை, எழுத்து தரையைப் பார்க்க. உன் அத்தை கொடுத்தாளாம். மிஷின் ஆடுவது அன்றோடு நின்றுவிட்டது. மூத்த ஆலோசகரால் இந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த ஒரே உதவி அதுதான்.